விலங்கன்பும் மனித ஆளுமையும்: சில புனைகதைகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

விலங்குகளிடத்து அன்பு பாராட்டுவோர் நல்லியல்புடையோர் என்றும், அவற்றை வெறுப்போர் உள்ளத்தால் வறியோர் என்றும் கருதும் வழக்கம் நெடுங்காலமாக எம்மிடையே நிலவி வருகின்றது. வாயில்லாச் சீவனுக்கு இரங்குபவன் மனிதருக்கு இரங்காதிருப்பானோ என்பதே இவ்வழக்கத்தின் அடியிலுள்ள வாதமாகும். இலக்கியத் திறனாய்விலும் இவ்வாதம் அடிக்கடி தலைகாட்டுகின்றது. பாத்திரமொன்று நாயைத் தடவிக் கொடுத்தால் அதனை அப்பாத்திரத்தின் மன ஈரத்துக்குச் சான்றாகவும், கல்லெறிந்தால் அதன் கொடுமைக்குச் சான்றாகவும் கொண்டு மேற்செல்லுதல் எளிதாகிவிட்டது. இவ்வளவுகோல் எத்துணை நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

இவ்வினா எமது இலக்கிய மரபுக்குப் புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படும் பேகன், குளிரால் நடுங்கியதாகத் தான் கருதிய மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து பிறிதொருத்தியோடு வாழ்ந்தான் என்பதையும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர் நால்வர் அவள்பொருட்டு அவனிடம் பரிந்து பாடினர் என்பதையும் புறநானூற்றின் 143 முதல் 147 வரையான பாடல்கள் காட்டுகின்றன. இவற்றுள் பரணர் பாடிய 145ஆம் பாடல் எமது கவனத்துக்குரியது. மயிலுக்குப் போர்வை ஈந்த புகழைச் சொல்லியே புலவர் பேகனை விளிக்கிறார். தாம் பசித்து வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் தமக்கில்லை என்கிறார். தாம் வேண்டும் பரிசில், அவன் அன்றிரவே தேரேறிச் சென்று அவளது துயரைக் களைதலே என முடிக்கிறார். மயிலையும் மனைவியையும் ஒரே பாட்டில் அருகருகே நிறுத்தியமை தற்செயலன்று.

மயில் எதனையும் கேட்பதில்லை. அதற்கு அளிப்பது கொடை. கண்ணகிக்கோ அவன்மீது உரிமையுண்டு; அவளுக்கு அளிக்க வேண்டியது கடன். கொடை கொடுப்பவனை உயர்த்துகின்றது. கடன் அவனைப் பிறருக்குப் பதில் சொல்லும் நிலைக்கு இறக்குகின்றது. முன்னதை விரும்பிப் பின்னதைத் தவிர்க்கும் உள்ளம் ஒன்று இருக்க முடியும் என்பதைப் பரணர் கண்டிருந்தார். ஆகவே, ஒருவன் விலங்கை நேசிக்கிறானா வெறுக்கிறானா என்ற வினா தன்னளவில் முழுமையற்றது. எத்தகைய உறவினுள் நின்று நேசிக்கிறான், அந்நேசத்துக்கு அவன் கொடுக்கும் விலை யாது என்னும் வினாக்கள் அதனோடு சேரும்போதே ஆளுமை புலனாகின்றது. இக்கருத்தை ருஷிய, வங்க இலக்கியங்களிலிருந்து மூன்று சிறுகதைகளைக் கொண்டும், வெறுப்பைப் பொறுத்தவரை இரு நாவற் பகுதிகளைக் கொண்டும் விளக்க முயல்வோம்.

1. உடைமையும் அன்பும்: துர்க்கனேவின் ‘முமு’

கோகோலின் மறைவையொட்டி எழுதிய கட்டுரைக்காக 1852இல் துர்க்கனேவ் பீற்றர்ஸ்பேர்க்கில் தடுத்து வைக்கப்பட்டார். அக்காலத்தில் அவர் எழுதிய ‘முமு’ 1854இல் வெளிவந்தது. பண்ணையடிமை முறை ருஷியாவில் 1861இல் ஒழிக்கப்படுவதற்கு ஏழாண்டுகள் முந்திய நிகழ்வு இது. செவிப்புலனும் பேச்சும் அற்ற, பேருடல் படைத்த கெராசிம் என்னும் பண்ணையடிமை, கிராமத்து உழவிலிருந்து பெயர்க்கப்பட்டு மொஸ்கோவில் சீமாட்டி ஒருத்தியின் வீட்டு முற்றக் காவலாளாக்கப்படுகிறான். அவன் விரும்பிய சலவைப் பெண் தத்தியானாவைச் சீமாட்டி தன் மனம்போன போக்கில் குடிகாரச் செருப்புத் தைப்பவனொருவனுக்கு மணமுடித்து வைக்கிறாள். ஓராண்டின் பின் அத்தம்பதியர் தொலைதூரக் கிராமத்துக்கு அனுப்பப்படும் நாளிலேயே ஆற்றில் தத்தளித்த நாய்க்குட்டியொன்றைக் கெராசிம் மீட்டெடுக்கிறான். அவனால் எழுப்பக்கூடிய ஒரே ஒலியான ‘முமு’ அதன் பெயராகின்றது.

இக்கதையில் சீமாட்டி நாயை வெறுப்பவளாக அறிமுகமாகவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. முமுவை முதன்முதற் கண்டபோது அவள் மகிழ்கிறாள், அருகே கொணரச் செய்கிறாள், தடவ முனைகிறாள். நாய் அஞ்சிப் பல்லைக் காட்டியதும் அவளது மனநிலை மாறுகின்றது. அதன்பின் நாயின் குரைப்பு அவளது உறக்கத்தைக் கெடுப்பதாகின்றது; நாயை அகற்றும்படி கட்டளை பிறக்கின்றது. நேசமும் வெறுப்பும் ஒரே ஊற்றிலிருந்து, அதாவது தன் விருப்பத்துக்கு உலகம் இணங்கவேண்டும் என்னும் உடைமையாளரின் எதிர்பார்ப்பிலிருந்து பிறப்பதை ஆசிரியர் காட்டுகிறார். தத்தியானாவின் வாழ்க்கையைத் தீர்மானித்த அதே மனப்போக்கே முமுவின் உயிரையும் தீர்மானிக்கின்றது. அவளது பார்வையில் இரண்டும் வீட்டுக் காரியங்கள்.

ஆயின் நாயைக் கொல்பவன் சீமாட்டி அல்லன், கெராசிமே. தன்னிடமுள்ள நல்லாடையை உடுத்து, உணவுச்சாலையில் முமுவுக்கு இறைச்சி கலந்த கோவா சூப் வாங்கி ஊட்டி, படகில் ஏற்றிச் சென்று, செங்கற்களைக் கட்டித் தன் கையாலேயே ஆற்றில் விடுகிறான். அதன்பின் எவரிடமும் அனுமதி பெறாது கிராமத்துக்கு நடந்துவிடுகிறான். எப்படியும் வெளியேறப் போகிறவன் நாயையும் உடன்கொண்டு சென்றிருக்கலாமே என்ற வினா இக்கதையைப் படிப்போரிடம் இன்றும் எழுகின்றது. வினா நியாயமானதே. எனினும் அது கெராசிமைச் சுதந்திரமானவனாக முன்கூட்டியே கற்பித்துக்கொண்டு எழும் வினா. முமுவை அழிக்கும்வரை அவன் கட்டளைக்குட்பட்டவன். தன் வாழ்வில் தனக்கென்றிருந்த ஒன்றைத் தானே கையளித்த பின்னரே, தன்னிடமிருந்து பறிக்க ஏதுமில்லை என்ற நிலையை அவன் எய்துகிறான். அவனது விடுதலை அவ்விழப்பின் மறுபக்கம்.

துர்க்கனேவின் தாயாரின் வீட்டில் பணியாற்றிய பேச்சற்ற காவலாள் ஒருவரே கெராசிமின் மூலமாதிரி என்பர். அம்மனிதர் நாயை இழந்த பின்பும் எசமானியிடமே தொடர்ந்து பணியாற்றினார் எனத் துர்க்கனேவ் குடும்பத்தோடு வாழ்ந்தோரின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. நிகழ்ந்ததை மாற்றிக் கெராசிமை நடக்கவைத்தமையிலேயே படைப்பாளியின் சமூக நோக்கு வெளிப்படுகின்றது. அதேவேளை, அந்நடை பழைய கிராமத்து உழவுக்கே இட்டுச் செல்கின்றது என்பதும், அங்கும் அவன் பண்ணையடிமையே என்பதும் கதையின் எல்லையைக் காட்டுகின்றன.

2. உழைப்பும் தனிமையும்: செக்கோவின் ‘துயரம்’

1886இல் வெளியான ‘துயரம்’ உடைமையாளரின் வீட்டை விட்டுப் பெருநகரத் தெருவுக்கு வருகின்றது. மகனை இழந்த முதிய சறுக்குவண்டிக்காரன் இயோனா, பனி பெய்யும் மாலையொன்றில் தன் துயரை ஒவ்வொருவரிடமும் சொல்ல முயல்கிறான். இராணுவ அதிகாரி, களியாட்டம் முடித்து வரும் மூன்று இளைஞர், வாயிற்காவலாள், உடன் தங்கும் இளம் வண்டிக்காரன் ஆகிய எவரும் செவிகொடுப்பதில்லை. ஈற்றில் தொழுவத்தில் வைக்கோல் மென்று நிற்கும் குதிரையிடம் அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறான்.

இதனை விலங்கன்பின் உயர்வைப் பாடும் கதையாக வாசிப்போர் உளர். அவ்வாசிப்பு கதையின் அரைப்பகுதியையே காண்கின்றது. இயோனா குதிரையின்மீது சாட்டையை ஓங்குவதும், அதுவும் தேவையினாலன்றிப் பழக்கத்தினால் ஓங்குவதும் கதையில் உண்டு. குதிரை அவனது உழைப்புக் கருவி. அவனோ அந்நகரின் உழைப்புக் கருவி. கதைத் தொடக்கத்தில் இருவரும் பனி மூடி ஒரே வகையாக அசைவற்றிருக்கின்றனர். ஏரிலிருந்து பிடுங்கப்பட்டு நகரின் ஆரவாரத்துள் எறியப்பட்ட உயிரைப் பற்றிச் செக்கோவ் கூறுவது குதிரையைக் குறித்ததாயினும், வண்டியில் இருப்பவனுக்கும் பொருந்துவதே.

பயணிகளை நோக்குமிடத்து, அவர்கள் இயோனாவை வெறுப்பவரல்லர். அவர்கள் விலைக்கு வாங்கியது ஒரு பயணம். அவ்விலையில் வண்டிக்காரனின் மகனுடைய மரணத்தைக் கேட்டிருக்கும் கடமை அடங்கவில்லை. மூவருக்கும் சேர்த்து இருபது கொப்பெக் என்பது நியாயமற்ற கூலி. எனினும் கூலியைப் பொருட்படுத்தாது, மனிதர் அருகிருந்தால் போதுமென அவன் ஏற்றிச் செல்கிறான். பண உறவு மனித உறவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சமூகத்தில், அப்பண உறவுக்குப் புறத்தே எஞ்சி நிற்பது குதிரை ஒன்றே. அன்று தீவனத்துக்குப் போதிய ஓட்ஸ் வாங்கும் அளவுக்கு உழைக்கவில்லை என்பதால் வைக்கோலை உண்போம் என்று அவன் குதிரையோடு பேசும்போது, ‘நாம்’ என்னும் உறவு அங்கு பிறக்கின்றது. அது உண்மையான உறவே. ஆனால் அது மனிதர் மறுத்தமையால் நேர்ந்த உறவு. குதிரையிடம் பேசும் இயோனாவின் ஆளுமையைவிட, அவனை அந்நிலைக்குத் தள்ளிய நகரத்தின் ஆளுமையே இக்கதையில் நுணுக்கமாகத் தீட்டப்படுகின்றது.

3. புனிதமும் பசியும்: சரத் சந்திரரின் ‘மகேஷ்’

1920களில் வங்கத்தில் சரத் சந்திர சட்டோபாத்தியாயர் எழுதிய ‘மகேஷ்’ எமது ஆய்வுக்கு மையமானது. நேசிப்பவன் யார், வெறுப்பவன் யார் என்ற எளிய பிரிவை வேறெக்கதையும் இத்துணை முழுமையாகத் தலைகீழாக்கவில்லை எனலாம். இந்துக்கள் பெரும்பான்மையினராக வாழும் கிராமமொன்றில் வரட்சிக் காலம். ஏழை முஸ்லிம் நெசவுக் குடியைச் சேர்ந்த கஃபூர், மகள் ஆமினாவோடும் மகேஷ் என்னும் முதிய காளையோடும் வாழ்கிறான். சிவனின் பெயரைத் தாங்கிய காளை முஸ்லிமின் வீட்டில் பட்டினி கிடக்கின்றது. பசுவதை நேர்ந்தால் சமீந்தார் உயிரோடு புதைத்துவிடுவார் என எச்சரிக்கும் பிராமணர் தர்க்கரத்தினர், இரவலாகச் சிறிது வைக்கோல் கேட்கப்பட்டதும் மறுத்துவிடுகிறார். அவரது கையிலுள்ள ஊறிய அரிசியும் பழமும் கொண்ட முடிச்சின் மணத்தை நுகர்ந்து மகேஷ் கழுத்தை நீட்டும்போது, முட்டிவிடுமென அஞ்சி விலகிப் போகிறார்.

சரத் சந்திரர் இங்கு தனிமனிதப் போலித்தனத்தைச் சாடுவதோடு நின்றுவிடவில்லை. காளை ஏன் பட்டினி கிடக்கின்றது என்பதற்கு அவர் தரும் காரணங்கள் திட்டவட்டமானவை. கஃபூரின் பங்கு வைக்கோல் பழைய குத்தகைப் பாக்கிக்காகச் சமீந்தாரால் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊரின் பொது மேய்ச்சல் நிலத்தைச் சமீந்தார் பணத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். 1793இல் வங்கத்தில் ஆங்கிலேயர் ஏற்படுத்திய நிரந்தர நிலவரித் திட்டம் சமீந்தாருக்கு அளித்த நிலவுரிமை, இவ்விடத்து ஒரு காளையின் விலாவெலும்பில் எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். பசுவைப் புனிதமெனக் கொண்டாடும் அதே கைகள் புல்லையும் நீரையும் அடைத்து வைத்திருக்கின்றன. நீருக்கும் அவ்வாறே: முஸ்லிம் சிறுமியாகிய ஆமினா நீர்நிலையை நெருங்க இயலாது, எவரேனும் இரங்கிப் பாத்திரத்தில் ஊற்றும்வரை எட்டி நின்று காத்திருக்க வேண்டும்.

கஃபூரின் அன்பு எதிர்நிலையில் அமைகின்றது. தன் கூரை வைக்கோலை உருவி மகேஷுக்கு இடுகிறான். காய்ச்சலெனப் பொய் கூறித் தன் சோற்றை அதற்குக் கொடுக்கச் செய்கிறான். பட்டியில் அடைக்கப்பட்ட காளையை மீட்கப் பித்தளைத் தட்டை அடகு வைக்கிறான். ஒருமுறை மனம் சோர்ந்து இறைச்சிக்காரரிடம் முற்பணம் வாங்கியும், அவர்கள் வந்து நின்றபோது கொடுக்க மறுத்துவிடுகிறான். எனினும் விற்க எண்ணிய குற்றத்துக்காகச் சமீந்தாரின் முன் அவமானப்பட்டுக் கழுவாய் தேடவேண்டியவன் அவனே. இறுதியில், அரசியின் ஆட்சியில் எவரும் எவருக்கும் அடிமையல்லர் என்று சொன்னதற்காகச் சமீந்தாரின் ஆட்களிடம் அடிபட்டு அவன் வீடு திரும்புகிறான். சற்றுப் பின்னர் ஆமினா அரும்பாடுபட்டுக் கொணர்ந்த நீர்க்குடத்தை மகேஷ் உடைத்து, நிலத்தில் ஓடும் நீரை உறிஞ்சிக் குடிக்கின்றது. அக்கணத்தில் கலப்பைத் தலையால் கஃபூர் அடித்த அடியில் காளை இறக்கின்றது.

வழமையான அளவுகோல் இவ்விடத்தில் முற்றாக முறிகின்றது. கதையில் காளையை நேசித்தவன் ஒருவனே, கொன்றவனும் அவனே. புனிதம் பேசியோர் எவரும் கொல்லவில்லை. அவர்கள் அதனைக் கொல்லத் தேவையில்லை. சமீந்தாரின் ஆட்கள் கஃபூரின் முதுகில் இறக்கிய அடி, அவனது கைவழியே காளையின் தலையில் இறங்கியது எனலாம். அதற்காக அவனது செயலைச் சரத் சந்திரர் மூடி மறைக்கவில்லை. அன்றிரவே ஆமினாவை அழைத்துக்கொண்டு கஃபூர் சணல் ஆலையை நோக்கிப் புறப்படுகிறான். எஞ்சிய பாத்திரங்களை மகேஷுக்குரிய கழுவாயாக விட்டுச் செல்கிறான். தன்னை எவ்வாறு தண்டிப்பினும் ஏற்பதாகவும், இறைவன் அளித்த புல்லையும் நீரையும் மகேஷுக்கு மறுத்தோரை மன்னிக்கலாகாது எனவும் அவன் இறைவனிடம் முறையிடுகிறான். தன் குற்றத்தை ஏற்பதும், குற்றத்தின் வேரைச் சுட்டுவதும் அவனிடம் ஒருங்கே நிகழ்கின்றன. மூன்று கதைகளிலும் இத்தெளிவை எய்திய பாத்திரம் கஃபூர் ஒருவனே. மானமிழக்கும் இடமென முன்னர் அவன் மறுத்த ஆலைக்கே அவன் செல்ல நேர்வது, குடியானவன் தொழிலாளியாகும் வரலாற்றின் கசப்பான வாயிலாகும்.

4. வெறுப்பின் இயல்பு

இதுவரை கூறியவற்றிலிருந்து, ஒடுக்கப்பட்டோர் யாவரும் விலங்கை நேசிப்பர், ஒடுக்குவோர் யாவரும் வெறுப்பர் என்னும் புதிய சூத்திரமொன்றை வகுத்துவிடுதல் கூடாது. அது பழைய அளவுகோலைவிட மேலானதன்று. தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலில் ரஸ்கோல்னிக்கோவ் காணும் கனவை எண்ணுக. மிக்கோல்கா என்னும் குடியானவன் தன் மெலிந்த குதிரையால் இழுக்க இயலாத பாரத்தை ஏற்றி, சாட்டையாலும் மரத்தடியாலும் ஈற்றில் இரும்புக் கம்பியாலும் அடித்துக் கொல்கிறான். தடுப்போரிடம் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது அது தன் உடைமை என்பதே. ஆளப்படுபவன் தனக்குக் கீழே ஆளத்தக்க ஓர் உயிரைக் காணும்போது, தன்னை ஆண்டவரின் மொழியையே பேசக்கூடும்.

எமது நாட்டைக் களமாகக் கொண்ட மற்றொரு சான்று லெனாட் வூல்ப் 1913இல் வெளியிட்ட, காட்டிலுள்ள கிராமமொன்றைப் பற்றிய ஆங்கில நாவலில் உண்டு. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய வூல்ப், அவ்வனுபவத்தின் அடியாக அதனை எழுதினார். குடியேற்ற நிருவாகியின் பார்வை என்னும் வரையறை அதற்குண்டெனினும், அதன் ஒரு பகுதி எமது வினாவுக்கு நேரடியாகப் பொருந்துகின்றது. சிலிந்துவின் மகள் ஹின்னிஹாமி தன் குழந்தையோடு மான்குட்டியொன்றுக்கும் பாலூட்டி வளர்க்கிறாள். மழை பொய்த்துக் காய்ச்சலும் பசியும் ஊரை வாட்டும்போது, தீவினையெல்லாம் அம்மானாலும் அப்பெண்ணாலும் வந்ததென்ற எண்ணம் பரவுகின்றது. அவளை அடைய விரும்பி அவளால் ஒதுக்கப்பட்ட வைத்தியன் அதற்குத் துணைநிற்கிறான். ஊரார் மானைக் கல்லெறிந்து கொல்கின்றனர், அவளும் இறந்துபடுகிறாள். இவ்வெறுப்பு மான்மீது எழுந்த வெறுப்பன்று. கடனும் வரட்சியும் அதிகாரமும் தந்த துன்பத்தை அவற்றின் மூலங்களை நோக்கித் திருப்ப இயலாத மக்கள், பதிலடி கொடுக்க வலுவற்ற இரு உயிர்கள்மீது அதனை இறக்கிவைக்கின்றனர்.

மிக்கோல்காவையும் பெத்தகம ஊராரையும் கஃபூரிடமிருந்து வேறுபடுத்துவது வறுமையின் அளவன்று. தான் ஏற்கும் அடியை அடுத்த உயிர்மீது இறக்கியமை மூன்றிடத்தும் பொது. கஃபூர் அதனை உணர்கிறான். ஏனையோர் அதனைத் தமது உரிமையெனவும் ஊர்நன்மையெனவும் கொள்கின்றனர். சமூக நிலைமை ஆளுமையை உருவாக்குகின்றது. ஆயின் அந்நிலைமையை ஒருவன் அறிந்துகொள்ளும் விதமும் அவனது ஆளுமையின் பகுதியே. இதனைக் கணக்கிற் கொள்ளாத முற்போக்குத் திறனாய்வு இயந்திரப் பாங்கினதாகிவிடும்.

5. முடிவாக

விலங்கு பதில் சொல்வதில்லை, வழக்குரைப்பதில்லை. ஆகவே அதன்மீதான அதிகாரம் கேள்விகேட்பாரற்ற அதிகாரம். அவ்வதிகாரத்தை ஒருவன் எவ்வாறு கையாளுகிறான் என்பதில் அவனது இயல்பு வெளிப்படும் என்ற பழைய நம்பிக்கையில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கின்றது. ஆயின் அவ்வுண்மை தடவுதலிலோ கல்லெறிதலிலோ வெளிப்படையாகக் கிடப்பதன்று. பேகனின் மயிலுக்கு ஒரு போர்வை செலவாயிற்று. அவன் அதனை எளிதில் ஈடுசெய்யக்கூடியவன். தர்க்கரத்தினரின் பக்திக்குச் செலவேதுமில்லை. கஃபூரின் அன்புக்கு அவனது கூரையே விலையாயிற்று. நேசத்தை அளக்க வேண்டுமாயின் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

இஃது இலக்கிய வினா மட்டுமன்று. 2015இல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே, பசுவைக் கொன்று இறைச்சியை வைத்திருந்தார் என்ற வதந்தியின் பேரில் முஸ்லிம் ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். விலங்கின் பெயரால் மனிதனைக் கொல்வோர் தம்மை விலங்கன்பர் என்றே அழைத்துக்கொள்கின்றனர். அவர்களது ஆளுமையை அறிய விரும்புவோர், அவர்களது அன்பு எந்தக் காளைக்கு வைக்கோல் இட்டது, எந்த மேய்ச்சல் நிலத்தை மீட்டது என்று கேட்கவேண்டும். சரத் சந்திரர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வினாவை எழுப்பிவிட்டார். கதையில் தட்டுப்படும் ஒவ்வொரு நாய்க்கும் காளைக்கும் பின்னால் உள்ள புல்லையும் நீரையும், அவற்றை அடைத்து வைத்திருக்கும் கையையும் தேடிக் காணுதல் திறனாய்வாளரின் கடனாகும்.